மின்னஞ்சலை மேசைக்குக் கொண்டுவருதல்: ஒரு விமரிசனம்

இன்றைய கல்லூரி மாணவர் ஒருவரிடம், "உன் மின்னஞ்சல் கடிதங்கள் எங்கே இருக்கின்றன?" என்று கேட்டுப் பாருங்கள். சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்துக் காட்டுவார். ஆனால் கைபேசிக்குள் இருப்பது பெரும்பாலும் அண்மையில் வந்த கடிதங்களின் ஒரு பகுதிதான். மற்றவை யாவும் எங்கோ தொலைவில், ஒரு நிறுவனத்தின் கணிப்பொறியில் உள்ளன. நாம் கேட்கும்போது அது காட்டுகிறது, அவ்வளவே. தபால் நிலையத்தின் கம்பி வலைக்கு வெளியே நின்றுகொண்டு, "என் கடிதத்தைக் கொஞ்சம் காட்டுங்கள், படித்துவிட்டுத் தந்துவிடுகிறேன்" என்று கேட்பதற்கு ஒப்பானது இது. வலைத்தளத்தின் வழியே அஞ்சல் படிக்கும் முறை, அதாவது வெப்மெயில், இத்தகையதே.

இதற்கு மாற்று ஒன்று உண்டு. நம் மேசைக் கணிப்பொறியில் ஓர் அஞ்சல் நிரலை நிறுவி, வெப்மெயில் கணக்கை அதனுடன் இணைத்துவிட்டால் கடிதங்கள் நம் வட்டிலேயே வந்து தங்கும். இவ்வகை நிரல்களில் பலரும் அறிந்தது தண்டர்பேர்டு. மொசில்லா நிறுவனத்தார் இதன் முதல் முழுப் பதிப்பை 2004 டிசம்பர் 7 அன்று வெளியிட்டனர். விலை கிடையாது. விண்டோஸ், மாக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்கும். நல்ல நிரல்தான். ஆயினும், கணக்கை இணைக்க அது திறந்து காட்டும் சாளரம் மாணவருக்கு எதைக் கற்பிக்கிறது, எதை மறைக்கிறது? மறுமுனையில் அஞ்சல் நிறுவனங்கள் தம் கதவுகளை எவ்வளவு தூரம் திறந்து வைத்திருக்கின்றன? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இயற்பியல் ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஆய்வகத்துக்குப் புதிய கருவி ஒன்று வந்தால் அதன் மூடியைத் திறந்து பார்ப்பது எங்கள் பழக்கம். அப்பழக்கமே இங்கும் வேலை செய்கிறது.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் வாழ்பவர்களுக்கு இது வெறும் வசதிப் பிரச்சினை அன்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. பல சிற்றூர்கள் நெடுநாள் இருளில் கிடந்தன. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. அதையடுத்துத் தென்பெண்ணையின் வெள்ளம் கடலூரின் ஆற்றங்கரைப் பகுதிகளில் புகுந்தது. இத்தகைய நாட்களில் கைபேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக மௌனமாகிவிடும். மடிக்கணிப்பொறியின் மின்கலத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு உயிர் இருக்கும். ஆனால் தேர்வுக் கட்டண ரசீதும் காப்பீட்டு எண்ணும் நேர்முகத் தேர்வுக்கான அழைப்பும் அந்தக் கணிப்பொறிக்குள் இல்லையென்றால், அந்த மூன்று மணி நேரத்தால் என்ன பயன்? வெள்ளத்தில் கணிப்பொறியே நனைந்துபோனால் என்ன செய்வது என்று எதிர்க்கேள்வி வரும். நியாயமான கேள்வி. அப்போது நம்மைக் காப்பது தொலைவிலுள்ள பிரதிதான். ஒன்று போனால் மற்றொன்று இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்!

மறைக்கப்படும் நான்கு கட்டங்கள்

தண்டர்பேர்டில் புதிய கணக்கைச் சேர்க்கும்போது முதலில் நம் பெயரையும் அஞ்சல் முகவரியையும் கேட்கும். முகவரியில் 'அட்' குறிக்குப் பின்னுள்ள பகுதியைக் கொண்டு, அது எந்த நிறுவனத்தின் கணக்கு என்பதை ஒரு பட்டியலில் தேடிப் பார்க்கும். பட்டியலில் இருந்தால் மற்ற விவரங்களைத் தானே நிரப்பிக்கொள்ளும். கடவுச்சொல்லைக் கொடுத்ததும் கடிதங்கள் வரத் தொடங்கும். எல்லாம் சரியாக நடந்தால் ஒரு நிமிட வேலை. பாராட்ட வேண்டியதே.

ஆனால் நிரல் தானே நிரப்பிக்கொண்ட அந்த விவரங்கள் யாவை? கைமுறையாக அமைக்கும் பொத்தானை அழுத்தினால் அவை வெளிப்படும். வழங்கியின் பெயர், போர்ட் எண், இணைப்பின் பாதுகாப்பு, அடையாளத்தைச் சோதிக்கும் முறை என நான்கு கட்டங்கள். இவை வரும் கடிதங்களுக்கு ஒரு முறையும் போகும் கடிதங்களுக்கு ஒரு முறையும் கேட்கப்படும். ஜிமெயில் கணக்கெனில் வரும் கடிதங்களுக்கான வழங்கி 'ஐமேப் புள்ளி ஜிமெயில் புள்ளி காம்', போர்ட் 993. போகும் கடிதங்களுக்கான வழங்கி 'எஸ்எம்டிபி புள்ளி ஜிமெயில் புள்ளி காம்', போர்ட் 465. (தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.)

இந்த நான்கு கட்டங்களை நான் ஒரு மின்சுற்று வரைபடமாகவே பார்க்கிறேன். வழங்கியின் பெயர் என்பது எந்தத் தபால் நிலையம் என்பது. போர்ட் எண் என்பது அங்கே எந்தக் கவுண்டர் என்பது. தபால் தலைக்கு ஒன்று, சேமிப்புக் கணக்குக்கு ஒன்று என்று கவுண்டர்கள் இருப்பதைப் போல, ஒரே கணிப்பொறியில் ஒவ்வொரு பணிக்கும் ஓர் எண் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பாதுகாப்பு என்பது கடிதம் உறையிலிட்டுப் போகிறதா, திறந்த அஞ்சலட்டையாகப் போகிறதா என்பது. நான்காவது, கடிதத்தைக் கேட்பவர் நாம்தான் என்று கவுண்டரில் மெய்ப்பிக்கும் வழி.

அனுப்புவதற்கு ஒரு வழியும் பெறுவதற்கு வேறொரு வழியும் இருப்பது மாணவர் பலருக்கு வியப்பளிக்கிறது. தெருவோரச் சிவப்புப் பெட்டியை நினைத்தால் வியப்பு தீர்ந்துவிடும். அதில் யாரும் கடிதம் போடலாம். எடுக்கத்தான் சாவி வேண்டும். கடிதம் அனுப்பும் விதிமுறையான எஸ்.எம்.டி.பி.-யை 1982 ஆகஸ்டில் எழுதியவர் அமெரிக்கரான ஜான் போஸ்டல். (தபால்காரருக்கு ஏற்ற பெயர்தான்!) தொடக்கத்தில் அந்த விதியில் கடவுச்சொல் என்ற ஒன்றே இல்லை. ஒருவரையொருவர் அறிந்த சில ஆராய்ச்சிக்கூடங்களுக்காக எழுதப்பட்ட விதி அது. பின்னாளில் குப்பை அஞ்சல் அனுப்புவோர் இந்த வெள்ளை மனத்தைச் சூறையாடினர். எனவே கணக்கு வைத்திருப்போர் கடிதம் கொடுப்பதற்கென 587 என்ற தனிக் கவுண்டர் அமைக்கப்பட்டது. 465-இன் வரலாறு நம் அரசு அலுவலகக் கோப்புகளின் வரலாற்றுக்குக் குறைந்ததன்று. 1990-களில் உறையிட்ட கடிதங்களுக்கென அது ஒதுக்கப்பட்டது. சிறிது காலத்தில் அந்த ஒதுக்கீடு ரத்தாகி எண் வேறு பணிக்குத் தரப்பட்டது. ஆனாலும் நிறுவனங்கள் அதை விடவில்லை. கடைசியில் 2018-இல் வெளியான விதி, அதையே பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்துவிட்டது. இன்று ஒரு வழிகாட்டியில் 465 என்றும் மற்றொன்றில் 587 என்றும் காண்பதன் காரணம் இதுதான். இரண்டும் சரியே. ஆனால் எண்ணை மாற்றினால் அருகிலுள்ள பாதுகாப்புக் கட்டத்தையும் மாற்ற வேண்டும். 465-இல் தொடக்கத்திலிருந்தே உறை உண்டு. 587-இல் திறந்த பேச்சாகத் தொடங்கி, இடையில்தான் உறைக்கு மாறுகிறார்கள்.

இணைப்பு சரியாக அமையாதபோதுதான் தண்டர்பேர்டின் குறை தெரிகிறது. வழங்கிக்குள் நுழைய முடியவில்லை, அமைப்போ பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறாக இருக்கலாம் என்ற பொருளில் ஒரு செய்தி வருகிறது. ஆய்வகத்தில் பல்பு எரியாதபோது ஒரு மாணவர், "பல்போ பேட்டரியோ கம்பியோ கெட்டிருக்கிறது, ஐயா" என்று எழுதிக் கொடுத்தால் நான் மதிப்பெண் தருவேனா? வழங்கியின் பெயர் தவறென்றால் அப்படியொரு முகவரியே இல்லை என்ற பதில் வரும். போர்ட் தவறென்றால் பதிலே வராமல் காத்திருக்க நேரும், அல்லது இணைப்பு மறுக்கப்படும். கடவுச்சொல் தவறென்றால் வழங்கி பேசும். பேசி, இல்லை என்று சொல்லும். மூன்றும் மூன்று வேறு நிகழ்ச்சிகள். எது நடந்தது என்பது நிரலுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் மூன்றையும் ஒரு வாக்கியத்தில் கலந்து கொடுப்பது, மாணவரின் அறிவை மதிக்காத செயல்.

சாவிக்கொத்தும் டோக்கனும்

தமிழில் உள்ள பழைய வழிகாட்டிகள் பலவற்றை இன்று பின்பற்றினால் பாதி வழியில் நின்றுவிடுவோம். "பாதுகாப்புக் குறைந்த செயலிகளை அனுமதி" என்றொரு பொத்தானைக் கூகுள் கணக்கில் தேடச் சொல்வார்கள். தனியார் கணக்குகளுக்கு அது 2022 மே 30-உடன் முடிந்துபோயிற்று. ஜிமெயிலில் ஐமேப் வசதியை இயக்குங்கள் என்பார்கள். 2025 தொடக்கத்திலிருந்து தனியார் கணக்குகளில் அந்தப் பொத்தானும் இல்லை. ஐமேப் எப்போதும் இயங்கியே இருக்கும். மைக்ரோசாப்டும் தன் அவுட்லுக் தனியார் கணக்குகளில், வெறும் கடவுச்சொல்லைக் கொண்டு வேறு நிரல்கள் நுழைவதை 2024 செப்டம்பர் 16 முதல் நிறுத்திவிட்டது.

ஏன் இந்த மாற்றம்? கடவுச்சொல்லை ஒரு நிரலிடம் கொடுப்பது, வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுப்பது போன்றது. கூகுள் கடவுச்சொல் என்பது அஞ்சலுக்கு மட்டுமன்று. படங்கள், ஆவணங்கள், பணப் பரிமாற்றம் வரை திறக்கும். நிரலைக் கெட்டவர் ஒருவர் கைப்பற்றினால் எல்லாம் போயிற்று. எனவே ஓ-ஆத் என்ற புதிய முறை வந்தது. இதில் நிரல் நம் கடவுச்சொல்லைப் பார்ப்பதே இல்லை. கூகுளின் சொந்தப் பக்கம் ஒன்று திறக்கும். அங்கே கடவுச்சொல்லைக் கொடுத்து, "இந்த நிரல் என் அஞ்சலைப் பார்க்கலாம்" என்று ஒப்புதல் தர வேண்டும். கூகுள் அந்த நிரலிடம் ஒரு டோக்கனைக் கொடுக்கும். பொங்கலுக்கு முன் ரேஷன் கடையில் தரும் டோக்கனை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடை, இந்த நாள், இந்தப் பொருள் என்று அதில் குறித்திருக்கும். டோக்கனைத் தொலைத்தாலும் குடும்ப அட்டை நம்மிடமே இருக்கும். அஞ்சல் நிரலின் டோக்கனையும் வேண்டும்போது நாம் ரத்து செய்யலாம். கடவுச்சொல்லை மாற்ற வேண்டியதில்லை. ஓ-ஆத் தெரியாத பழைய நிரல்களுக்குக் கூகுள் 16 எழுத்துகள் கொண்ட தனிக் கடவுச்சொல் ஒன்றைத் தருகிறது. அதைப் பெற முதலில் இரண்டு படிச் சோதனையை இயக்கியிருக்க வேண்டும்.

அறிவியல் நோக்கில் இது முன்னேற்றமே. இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இதன் மறுபக்கத்தை யாரும் மாணவருக்குச் சொல்வதில்லை. எஸ்.எம்.டி.பி., பாப், ஐமேப் மூன்றும் பொது விதிகள். அவற்றை எவரும் படிக்கலாம். படித்து ஓர் அஞ்சல் நிரலை எவரும் எழுதலாம். சிதம்பரத்தில் ஒரு பொறியியல் மாணவர் தம் இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக அப்படியொரு நிரலை எழுதினால், முன்பெல்லாம் அது எந்த வழங்கியுடனும் பேசியிருக்கும். இன்று டோக்கன் வேண்டுமெனில் அந்த நிரலை முதலில் கூகுளிடம் பதிவு செய்ய வேண்டும். பொதுமக்கள் எல்லோரும் பயன்படுத்த வேண்டுமெனில் கூகுளின் சோதனையிலும் தேற வேண்டும். பொதுச்சாலை இருந்த இடத்தில் ஒரு சுங்கச்சாவடி முளைத்திருக்கிறது. திருடரைத் தடுக்கவே அது வந்தது என்பது உண்மைதான். ஆனால் யார் போகலாம் என்று முடிவு செய்பவர் இப்போது சாவடிக்காரர் என்பதும் உண்மையே.

ஐமேப் என்பது காப்புப் பிரதி அன்று

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் உண்டு என்பவர் இதைப் படிக்கட்டும்.

பெறும் முறைகள் இரண்டு. பாப் 1984-இல் தோன்றியது. தபால்காரர் கடிதத்தை வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதைப் போன்றது அது. கொடுத்தபின் தபால் நிலையத்தில் கடிதம் இராது. (விரும்பினால் வழங்கியிலும் ஒரு பிரதியை விட்டுவைக்கச் சொல்லலாம். கணக்கமைப்பில் அதற்கொரு கட்டம் உண்டு. அது எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.) ஐமேப் 1986-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் வகுத்தது. இதில் மூலக்கடிதம் தபால் நிலையத்திலேயே இருக்கும்; நம்மிடம் இருப்பது அங்குள்ள பதிவேட்டுடன் அடிக்கடி ஒத்துப்பார்த்துத் திருத்தப்படும் பிரதி. கைபேசியில் படித்த கடிதம் மேசையிலும் படித்ததாகக் காட்டும். ஒரே கணக்கை மூன்று கருவிகளில் வைத்திருப்போருக்கு இதைவிட வசதி வேறில்லை. ஆகவே தண்டர்பேர்டு ஐமேப்பையே முதலில் முன்வைக்கிறது.

வசதிக்குள் ஒரு கண்ணி ஒளிந்திருக்கிறது. ஒத்துப்பார்த்துத் திருத்துவது என்றால் நீக்குவதும் அதில் அடங்கும். வழங்கியில் ஒரு கடிதம் அழிக்கப்பட்டால், அடுத்த முறை இணையும்போது மேசையிலுள்ள பிரதியும் மறைந்துவிடும். "என் கணிப்பொறியில் எல்லாம் இறக்கி வைத்திருக்கிறேன்" என்று நிம்மதியாக இருக்கும் மாணவர்கள் இதை அறிவதில்லை. கணக்கை இணைக்கும் சாளரமும் சொல்வதில்லை. பாப், ஐமேப் என்ற இரண்டு சொற்களைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்கிறது. உங்கள் கடிதம் கடைசியில் யாரிடம் இருக்க வேண்டும் என்பதே அங்கே உண்மையான கேள்வி. அதை அது கேட்பதே இல்லை.

கல்லூரிக் கணக்குகளில் இது பெரிய செய்தி. கல்வி நிலையங்களுக்குக் கூகுள் முன்பு அளவில்லாத இடம் தந்தது. 2021-இல் அறிவித்து, 2022 முதல், நிறுவனம் ஒன்றுக்கு மொத்தம் 100 டெராபைட் என்று வரம்பு கட்டியது. ஆயிரக்கணக்கில் மாணவர் பயிலும் பல்கலைக்கழகங்களுக்கு இது பெரிய இடமன்று. அதன்பின் படிப்பு முடித்தவர்களின் கணக்குகளை மூடுவதும் பெட்டிகளைக் காலி செய்வதும் உலகெங்கும் பல கல்வி நிலையங்களில் வழக்கமாகிவிட்டது. ஆய்வேட்டின் வரைவு, வழிகாட்டியின் திருத்தங்கள், மாநாட்டுக் கடிதங்கள் யாவும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும். நானறிந்த ஆராய்ச்சி மாணவி ஒருவர் தாம் பயின்ற நிறுவனத்தின் கணக்கு மூடப்பட இருப்பதை இரண்டு வாரங்களுக்கு முன்புதான் அறிந்தார். ஐந்தாண்டுக் கடிதங்கள்!

செய்ய வேண்டியது எளிது. ஐமேப் முறையில் கணக்கை இணைத்துக் கடிதங்கள் முழுவதும் இறங்கும்வரை காத்திருங்கள். பிறகு தண்டர்பேர்டின் இடப்பக்கப் பட்டியலின் கீழே 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்றுள்ள பகுதியில் ஆண்டுக்கொரு கோப்புறை அமைத்து, கடிதங்களை அங்கே பிரதி எடுங்கள். நகர்த்த வேண்டாம், பிரதி எடுங்கள். அந்தப் பகுதி எந்த வழங்கியுடனும் தொடர்பில்லாதது. எவர் கணக்கை மூடினாலும் அது அழியாது. அதன் கோப்புகளை வெளிவட்டு ஒன்றிலும் வைத்துவிட்டால், வெள்ளம் வந்தாலும் மேல்தளத்துக்கு எடுத்துப் போக ஒரு சிறு பெட்டிதான் இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. இதைக் கல்லூரி ஆய்வகக் கணிப்பொறியிலோ அண்ணாமலை நகரின் பிரவுசிங் சென்டரிலோ செய்யாதீர்கள். தண்டர்பேர்டு கடிதங்களைப் பூட்டி வைப்பதில்லை; சாதாரண எழுத்துக் கோப்பாகவே வட்டில் எழுதி வைக்கிறது. அடுத்து வந்து உட்காருபவர் அதைத் திறந்து படிக்கலாம். முதன்மைக் கடவுச்சொல் ஒன்றை அமைக்காவிட்டால், சேமித்துள்ள மற்றக் கடவுச்சொற்களையும் பார்க்கலாம். வெப்மெயில் தோன்றியதன் நியாயமும் இங்குதான் இருக்கிறது. சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4 அன்று ஹாட்மெயிலைத் தொடங்கியபோது, எந்தக் கணிப்பொறியிலிருந்தும் கடிதம் படிக்கலாம் என்பது உண்மையிலேயே ஒரு விடுதலையாக இருந்தது. சொந்தக் கணிப்பொறி இல்லாத கோடிக்கணக்கானோருக்கு முகவரி கிடைத்தது அதனால்தான். இதை மறந்துவிட்டு வெப்மெயிலைத் தூற்றுவது நன்றன்று.

மேசையில் இருப்பது அலமாரியா, ஜன்னலா?

விண்டோஸுடன் முன்பு வந்த மெயில் செயலிக்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த ஆதரவு 2024 டிசம்பர் 31-உடன் முடிந்தது. அதன் இடத்தில் இப்போது 'புதிய அவுட்லுக்' இருக்கிறது. தோற்றத்தில் மேசை நிரல்தான். ஆனால் ஜிமெயில் போன்ற வேறு நிறுவனக் கணக்கொன்றை அதில் சேர்க்கும்போது, உங்கள் கடிதங்கள் மைக்ரோசாப்டின் வழங்கியுடனும் ஒத்திசைக்கப்படும் என்று ஓர் அறிவிப்பு வரும். ஒப்புக்கொண்டால், ஒரு நிறுவனத்திடம் இருந்த கடிதங்கள் இரண்டு நிறுவனங்களிடம் இருக்கும். நம் வட்டில் ஒரு பிரதி வைக்க விரும்பி வந்தவருக்கு இப்படியொரு விடை! அந்த அறிவிப்பைப் படித்துப் பார்த்தபின் பொத்தானை அழுத்துவோர் எத்தனை பேர்?

நம் தமிழ்நாட்டு நிறுவனமான ஜோஹோவையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், தன் அஞ்சல் சேவையை 2008-இல் வெளியிட்டது. சென்னையிலும் தென்காசி அருகிலும் இருந்துகொண்டு உலகச் சந்தையில் போட்டியிடுவது நமக்குப் பெருமையே. 2025 அக்டோபரில் உள்துறை அமைச்சர் அமித் ஷா தம் அஞ்சலை ஜோஹோவுக்கு மாற்றிக்கொண்டதாக அறிவித்தார். மத்திய அரசு ஊழியர்களின் அஞ்சலும் அந்நிறுவனம் நடத்தும் தளத்துக்கு மாறியதாக அப்போது செய்திகள் வந்தன. இத்தனைக்கும் பின், சொந்தப் பெயரில் முகவரி வைத்துக்கொள்ளும் சிறு அமைப்புகளுக்கு அது தரும் இலவசத் திட்டத்தைப் பாருங்கள். வலைத்தளத்திலும் கைபேசிச் செயலியிலும் படிக்கலாம். ஐமேப், பாப் இரண்டும் அத்திட்டத்தில் இல்லை. கட்டணம் செலுத்துவோருக்கு உண்டு. அவர்கள் அமைப்புகளுக்குள் சென்று ஐமேப்பை இயக்கிவிட்டால் போர்ட் 993-இல் எல்லாம் ஒழுங்காக நடக்கும்.

இலவசமாகத் தருபவரிடம் குறை காண்பது முறையா என்பர். இடம் குறைவாகத் தரட்டும், பயனர் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கட்டும், குறை சொல்லமாட்டேன். ஆனால் கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியேறும் கதவுக்கு விலை வைப்பது வேறு வகை. வங்கி நம் பணத்துக்கு வட்டி தராவிட்டால் பொறுத்துக்கொள்வோம். பணத்தை எடுக்கவே கட்டணம் கேட்டால் பொறுப்போமா? இந்த ஒன்றில், நம் ஊர் நிறுவனத்தைவிடக் கூகுள் தாராளமாக நடந்துகொள்கிறது என்று எழுத எனக்கு மகிழ்ச்சியில்லை. ஆனால் அதுதான் நிலைமை.

கடலூர் எத்தனை எழுத்து?

கடைசியாக, தண்டர்பேர்டில் நான் மிகவும் விரும்பும் வசதி ஒன்று. ஒரு கடிதத்தைத் திறந்து, கண்ட்ரோல் பொத்தானுடன் 'யூ' எழுத்தை அழுத்தினால் அக்கடிதத்தின் மூல வடிவம் தெரியும். (ஜிமெயில் வலைத்தளத்திலும் மூலத்தைக் காட்டும் வழி உண்டு, பட்டியலுக்குள் தேட வேண்டும்.) எந்த வழங்கிகளின் வழியே எந்த நொடியில் கடந்து வந்தது என்ற முத்திரைகள் அடுக்கடுக்காக இருக்கும். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு, நாற்பத்தைந்து கிலோமீட்டர் தொலைவுக்கு அனுப்பிய கடிதம் எத்தனை கணிப்பொறிகளைத் தொட்டு வந்தது என்பதை அந்த முத்திரைகளை எண்ணிப் பார்த்தால் அறியலாம்.

தமிழில் தலைப்பிட்ட கடிதமெனில் மற்றொரு வேடிக்கை காத்திருக்கிறது. எஸ்.எம்.டி.பி. விதி எழுதப்பட்டபோது ஆங்கில எழுத்துகளை மட்டுமே மனத்தில் கொண்டிருந்தனர். எனவே தமிழ் எழுத்துகள் இன்றும் ஆங்கில வேடம் பூண்டுதான் பயணம் செய்கின்றன. 'கடலூர்' என்பதை நாம் நான்கு எழுத்து என்போம். கணிப்பொறிக்கு அது ஆறு: க, ட, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி. யூனிகோடின் வழக்கமான வடிவில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 18 பைட். அஞ்சலில் அனுப்ப, ஒவ்வொரு 3 பைட்டையும் 4 ஆங்கிலக் குறிகளாக மாற்றுகின்றனர். ஆக 24 குறிகள். 'சிதம்பரம்' இதே கணக்கில் 9 குறியீடு, 27 பைட், 36 குறிகள். ஒரு தமிழ்க் குறியீடு சரியாக நான்கு குறிகளாக மாறுவதால் அழகான ஒழுங்கு ஒன்று தோன்றுகிறது: ஒற்றைத் தமிழ்ச் சொல்லைத் தலைப்பாக இட்டு அனுப்பினால், மூலத்தில் '4' என்ற இலக்கமும் அதையடுத்து 'கே' என்ற ஆங்கில எழுத்தும் நான்கு இடத்துக்கு ஒரு முறை தவறாமல் வரும். அதற்கடுத்த மூன்றாம் இடத்தில் உயிரும் மெய்யின் உருவும் 6 என்று நிற்க, ஊகாரக் குறியும் புள்ளியும் கூட்டல் குறியாக நிற்கும். இடைவெளி விட்டு இரண்டாவது சொல்லை எழுதினால், இடைவெளிக்கு ஒரே பைட் என்பதால் ஒழுங்கு குலைந்துபோகும். மாணவர்கள் செய்து பார்க்க வேண்டிய சோதனை இது; செலவு ஏதுமில்லை. 18 மெகாபைட் படத்தை இணைத்தால் அது 24 மெகாபைட்டுக்கு மேல் கனத்துப் போவதும் இதே காரணத்தால்தான்.

யூனிகோடு பரவுவதற்கு முன் அயலகத் தமிழர்கள் டிஸ்கி போன்ற எழுத்துருக் குறியேற்றங்களில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டனர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள், பல நாடுகளில் இருந்துகொண்டு தமிழ் நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றிய காலம் அது. அன்றைய கடிதக் கோப்பு ஒன்று இன்றும் ஒருவர் வட்டில் இருந்தால், தண்டர்பேர்டு அதைத் திறக்கும்; ஆனால் தமிழுக்குப் பதில், மேலே புள்ளியும் கோடும் இட்ட ஐரோப்பிய எழுத்துகளின் கூட்டத்தைத்தான் காட்டும். அதைப் பிரதி எடுத்து, டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் சிறு நிரல் ஒன்றில் இட்டால், கால் நூற்றாண்டுக்கு முந்தைய கடிதம் எழுத்துப் பிசகாமல் திரும்பி வரும்.